மெயில்ல சிக்னேச்சர், வணக்கம், ஸ்பெல் செக்: எத மெஷின்ட்ட விடலாம், எத நம்மளே பாக்கணும்

ஜிமெயில்லயே இருந்துக்கலாமா, அவுட்லுக்குக்கு மாறலாமா, இல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிற தண்டர்பேர்ட்ங்கற மெயில் ப்ரோக்ராம் போட்டுக்கலாமான்னு நெறைய பேரு கேக்குறாங்க. மூணுமே மெயில் அனுப்பும், மூணுலயும் சிக்னேச்சர் வைக்கலாம், மூணுலயும் தப்பா அடிச்சா அடியில செவப்புக் கோடு வரும், அதனால ஆப்ப வச்சு ஆரம்பிச்சா முடிவே எடுக்க முடியாது. ஒரு மெயில்ல திரும்பத் திரும்ப வர்ற வேலை மூணு இருக்கு, மேல வணக்கம் சொல்றது, கீழ நம்ம யாருன்னு சொல்றது (அதான் சிக்னேச்சர்), நடுவுல எழுத்துப்பிழை இல்லாம பாக்குறது. இதுல எத எவ்வளவு தூரம் தானா நடக்க விடப்போறோம்னு மொதல்ல முடிவு பண்ணுனா எந்த ஆப்புங்கறது தன்னால தெரிஞ்சுரும். என்னோட கட்சி இதுதான்: சிக்னேச்சர முழுசா மெஷின்ட்ட விட்டுருங்க, வணக்கத்த ஒருக்காலும் விடாதீங்க, ஸ்பெல் செக்க பாதி விடுங்க, அதாவது தப்ப அது காட்டட்டும், திருத்துறது நம்ம கையில இருக்கட்டும்.

இத எழுதக் காரணம் எங்க மதினி. தெக்குமாசி வீதிப் பக்கம் சின்னதா சுங்குடி சேலை யாவாரம். இத்தன நாளும் வாட்ஸப்புலயே ஓடிட்டிருந்துச்சு, இப்ப பெங்களூரு ஹைதராபாத் கடைக்காரங்க பர்ச்சேஸ் ஆர்டர், ரேட் லிஸ்ட், பாக்கி எல்லாத்தையும் மெயில்ல தான் கேக்குறாங்க, வாட்ஸப்புல அனுப்புனா எங்க அக்கவுண்ட்ஸ்ல ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்களாம். "தம்பி, பெருசா கத்துக்கல்லாம் எனக்கு நேரமில்ல, ஒரு தடவ செட் பண்ணுனா அப்படியே கெடக்கணும், அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்க"ன்னாங்க. கடையில ஒரே ஒரு கம்ப்யூட்டரு, மத்தபடி எல்லாமே போன் தான். அவங்களுக்காக யோசிச்சது இந்த ஊர்ல சின்ன யாவாரம் பண்ற நெறைய பேருக்கு ஆகும்.

சிக்னேச்சர்லயே ஆரம்பிக்கிறேன், இதுல தான் ஆப்புக்கு ஆப்பு வித்தியாசம் ஜாஸ்தி.

ஜிமெயில்ல கம்ப்யூட்டர்ல பல்சக்கரத்த அமுக்கி எல்லா செட்டிங்ஸும் பாருன்னு போனா ஜெனரல்ங்குற மொத டேப்லயே கீழ சிக்னேச்சர் இருக்கும். ஒண்ணுக்கு மேலயும் வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் குடுக்கணும், அப்புறம் புது மெயிலுக்கு எது, பதில் மெயிலுக்கு எதுன்னு தனித்தனியா சொல்லணும். இங்க தான் பல பேருக்கு சிக்கல். பதிலுக்கு எதையும் தேர்வு பண்ணலேன்னா பதில்ல சிக்னேச்சரே வராது, தேர்வு பண்ணுனாலும் பழைய மெயில் எல்லாத்துக்கும் கீழ, மூணு புள்ளிக்குள்ள மறைஞ்சு போய் உக்காந்துக்கும், எதிராளி கண்ணுக்கே படாது. அதுக்குத் தான் அங்கயே ஒரு சின்ன டிக் பாக்ஸ் வச்சிருக்காங்க, மேற்கோள் வர்ற பழைய மெயிலுக்கு மேல சிக்னேச்சர போடு, முன்னாடி இருக்குற ரெண்டு கோட எடுத்துருன்னு. அத டிக் பண்ணுங்க. பண்ணிட்டு பக்கத்தோட அடிவரைக்கும் உருட்டிப் போய் சேவ் சேஞ்சஸ் அமுக்கணும், அந்த பட்டன் ரொம்பக் கீழ இருக்குறதால அமுக்காமலே வெளிய வந்துட்டு ஜிமெயில் சரியில்லன்னு சொல்றவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

அந்த ரெண்டு கோடு சும்மா அழகுக்கு வந்தது இல்ல. ரெண்டு ஹைஃபனு, அடுத்து ஒரு ஸ்பேஸு, இதுக்குக் கீழ இருக்குறது சிக்னேச்சர்னு மெயில் ப்ரோக்ராம் புரிஞ்சுக்குறதுக்காக ரொம்ப காலமா இருக்குற வழக்கம். தண்டர்பேர்ட் இன்னமும் அத மதிக்குது, அந்தக் கோட்டுக்குக் கீழ உள்ளத மங்கலான கலர்ல காட்டும், சாதா டெக்ஸ்ட் மெயிலுக்கு பதில் எழுதும்போது அத தானாவே விட்டுரும். 1995ல வந்த ஆர்எஃப்சி 1855ங்கற இணைய நாகரிக வழிகாட்டியில சிக்னேச்சர் நாலு வரிக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அன்னைக்கு லைன் வேகம் கம்மி, நிமிஷத்துக்கு காசு. இன்னைக்கு அந்தக் காரணம் இல்ல, ஆனா நாலு வரிங்கறது இன்னைக்கும் சரியான அளவு தான், ஏன்னா இப்ப முக்காவாசிப் பேரு மெயில போன்ல தான் படிக்கிறாங்க, போன்ல பத்து வரி சிக்னேச்சர்னா ஒரு முழு ஸ்க்ரீன் போயிரும்.

போன்னு சொன்னதும் முக்கியமான ஒண்ணு. ஜிமெயில் ஆப்ல மொபைல் சிக்னேச்சர்னு தனியா ஒரு செட்டிங் இருக்கு, அதுல வெறும் எழுத்து மட்டும் தான் போகும், படமோ கலரோ லிங்கோ வைக்க முடியாது. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் போன்ல ஒண்ணுமா வச்சா காலைல ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி மெயில் போகும், வாங்குறவங்களுக்கு ஒரே ஆளா ரெண்டு ஆளான்னு சந்தேகம் வரும். அதனால மொதல்ல போன்ல போடக்கூடிய மாதிரி நாலு வரி எழுதிக்கிட்டு, அதையே கம்ப்யூட்டர்லயும் போடுங்க. ஐபோன் வச்சிருக்கவங்க செட்டிங்ஸ்ல மெயிலுக்குள்ள போயி "சென்ட் ஃப்ரம் மை ஐபோன்"ங்கற வரிய எடுத்துட்டு நம்ம வரிய வைக்கணும், அது கம்பெனிக்காரன் போட்டு வச்ச வரி, நம்ம கடைக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல.

அவுட்லுக்ல சிக்னேச்சர் எடிட்டர் நல்லா இருக்கும், டேபிள் போடலாம், எழுத்து அளவு, கலர் எல்லாம் வேர்ட் மாதிரியே. ஆனா அந்த வசதியே சிலருக்கு வெனையாயிருது, லோகோ, மூணு கலர், சோஷியல் மீடியா பொம்மைங்கன்னு அடுக்கிருவாங்க. பழைய கிளாசிக் அவுட்லுக் சிக்னேச்சர கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு ஃபோல்டர்ல வைக்கும், ஆப்டேட்டாவுக்குள்ள மைக்ரோசாஃப்ட், அதுக்குள்ள சிக்னேச்சர்ஸ். ஒவ்வொரு சிக்னேச்சருக்கும் மூணு ஃபைல், வெப் பக்கம் மாதிரி எழுதுன ஹெச்டிஎம்எல் ஒண்ணு, கலர் எழுத்தெல்லாம் தாங்குற ஆர்டிஎஃப் ஒண்ணு, சாதா டெக்ஸ்ட் ஒண்ணு. கம்ப்யூட்டர ஃபார்மட் அடிக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி இந்த ஃபோல்டர காப்பி எடுக்கச் சொல்லணும், சர்வீஸ் கடைக்காரங்க டெஸ்க்டாப்ல இருக்குறத மட்டும் தான் எடுத்து வைப்பாங்க. புது அவுட்லுக்கும் ப்ரவுசர்ல தெறக்குற அவுட்லுக்கும் சிக்னேச்சர மெயில்பாக்ஸோட சேத்து கிளவுட்லயே வச்சுக்குறதால அந்தக் கவல இல்ல.

தண்டர்பேர்ட் ஓசி தான், ஜிமெயில் வந்த அதே 2004ல தான் அதோட மொத முழு வெர்ஷனும் வந்துச்சு. அதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் ஐடென்டிட்டிங்கறது. ஒரே அக்கவுண்டுக்குள்ள நாலஞ்சு அடையாளம் வச்சுக்கலாம், ஒவ்வொண்ணுக்கும் வேற பேரு, வேற அனுப்புற முகவரி, வேற சிக்னேச்சர். நம்ம ஊர்ல ஒரு ஆளு ஒரு வேலையோட நிக்கிறதே கெடையாது, கப்பலூர் சிட்கோவுல பட்டறை, தெருவுல சங்கச் செயலாளர், ஊர்த் திருவிழான்னா கமிட்டியில பொருளாளர், எல்லாத்துக்கும் மெயில் போகுது. திருவிழா நன்கொடை மெயில்ல பட்டறை ஜிஎஸ்டி நம்பரோட சிக்னேச்சர் போயிருச்சுன்னா கணக்கு கேக்குறவங்களுக்கு தேவையில்லாத கேள்வி வரும். அந்த மாதிரி ஆளுங்களுக்கு தண்டர்பேர்ட் தான் என்னோட சிபாரிசு. ஜிமெயில்லயும் வேற முகவரியா அனுப்பு ஆப்ஷன வச்சு முகவரிக்கு ஒரு சிக்னேச்சர் வைக்கலாம், ஆனா அதுக்கு அந்தந்த முகவரிய வெரிஃபை பண்ணி சேக்கணும். தண்டர்பேர்ட்ல கவனிக்க வேண்டியது ரெண்டு. சிக்னேச்சர் பெட்டிக்கு மேல ஹெச்டிஎம்எல் பயன்படுத்துன்னு ஒரு டிக் இருக்கு, அத டிக் பண்ணிட்டு சும்மா என்டர் தட்டி எழுதுனா நாலு வரியும் ஒட்டி ஒரே வரியா வரும், வரி மாத்த டேக்குங்குற ஹெச்டிஎம்எல் குறி போடணும், டேக் தெரியாதவங்க அந்த டிக்க எடுத்துருங்க. இன்னொண்ணு, பதில் மெயில்ல சிக்னேச்சர் எங்க வரணும்ங்கறது அதே பக்கத்துல இல்ல, கம்போசிஷன் அண்ட் அட்ரஸிங்ங்கற அடுத்த பக்கத்துல இருக்கு.

லோகோ வைக்கலாமான்னு கண்டிப்பா கேப்பாங்க. என்னைக் கேட்டா வேணாம். அவுட்லுக், தண்டர்பேர்ட் ரெண்டுமே வெளிய இருந்து வர்ற படத்த மொதல்ல தடுத்துத் தான் வைக்கும், ஆக நம்ம லோகோ இருக்க வேண்டிய எடத்துல ஒரு காலிப் பெட்டி தான் தெரியும். மெயிலுக்குள்ளயே படத்த ஒட்டி அனுப்புனா சில எடத்துல அது அட்டாச்மென்ட் மாதிரி காட்டும், வாங்குறவங்க இன்வாய்ஸ் வந்துருச்சுன்னு தெறந்து பாத்தா லோகோ. விசிட்டிங் கார்ட போட்டோ எடுத்து அப்படியே சிக்னேச்சரா வச்சிருக்கவங்களும் இருக்காங்க, அதுல இருக்குற போன் நம்பர தொட்டா கால் போகாது, காப்பி பண்ண முடியாது, அப்புறம் தேடுனாலும் கெடைக்காது, பார்வை இல்லாதவங்க வச்சிருக்குற ஸ்க்ரீன் ரீடருக்கு அதுல ஒரு எழுத்தும் படிக்க வராது. எழுத்தா அடிச்ச நம்பர்னா இது அத்தனையும் நடக்கும்.

அந்த நாலு வரியில என்ன இருக்கணும்? பேரு, கடைப் பேரு, போன், ஊர் பின்கோடோட. போன் நம்பர் லேண்ட்லைனா இருந்து, வெளிநாட்டுக்காரங்களும் பாப்பாங்கன்னா 0452ன்னு போடாம +91 452ன்னு போடுங்க, அந்த சைபர் நாட்டுக்குள்ள கூப்புட மட்டும் தான். ஜிஎஸ்டி நம்பர் போடுறது நல்ல பழக்கம், 33ல ஆரம்பிக்கிற 15 எழுத்து, எதிர்த்தரப்பு அக்கவுண்டன்ட் ஒவ்வொரு தடவையும் கேட்டு மெயில் போடுறது மிச்சமாகும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியா இருந்தா கம்பெனிகள் சட்டம் 2013, 12வது பிரிவுப்படி பிசினஸ் லெட்டர்ல கம்பெனி பேரு, பதிவு அலுவலக முகவரி, சிஐஎன்ங்கற 21 எழுத்து கம்பெனி அடையாள எண், போன், மெயில் எல்லாம் இருக்கணும், அதனால தான் கம்பெனிக்காரங்க மெயில்லயும் அத சேத்துப் போடுறாங்க. தனி ஆள் நடத்துற கடைக்கு அது தேவையில்ல. மதுரை சுங்குடிக்கு 2005ல புவிசார் குறியீடு கெடச்சிருக்குல்ல, அத ஒரு வரியா போடலாமான்னு மதினி கேட்டாங்க. அந்தச் சட்டத்துல அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணவங்களுக்குத் தான் அந்த உரிமை, பதிவு இருந்தா பெருமையா போடுங்க, இல்லாட்டி பதிவு பண்ணிட்டுப் போடுங்கன்னு சொன்னேன்.

ஒண்ணு மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க, பேங்க் அக்கவுண்ட் நம்பர். யாவார மெயில்ல நடக்குற பெரிய மோசடியே இது தான், யாரோ ஒருத்தரோட மெயில்பாக்ஸுக்குள்ள நொழைஞ்சு நடுவுல உக்காந்துக்கிட்டு, அதே மாதிரி மெயில், அதே சிக்னேச்சர், அக்கவுண்ட் நம்பர் மட்டும் மாத்தி அனுப்புவாய்ங்க. ஒவ்வொரு மெயில்லயும் நம்பர் வர்றது பழகிப்போன கண்ணுக்கு மாறுனது தெரியாது. அக்கவுண்ட் நம்பர் இன்வாய்ஸ்ல இருக்கட்டும், புது பார்ட்டின்னா போன் போட்டு ஒரு தடவ வாயால சொல்லி உறுதி பண்ணிக்கணும். அதே மாதிரி இந்த மெயில் ரகசியமானது, உங்களுக்கு இல்லன்னா அழிச்சுருங்கன்னு பெரிய கம்பெனிய பாத்து காப்பி அடிச்ச பத்து வரி இங்கிலீஷும் சின்னக் கடைக்கு வேணாம், யாரும் அதப் படிக்கிறது இல்ல.

சரி, வணக்கத்துக்கு வருவோம். இத தானா வர வைக்க நாலு வழி இருக்கு. சிக்னேச்சரோட மேல்பக்கமே டியர் சார்னு எழுதி நடுவுல எடம் விட்டு வைக்கிறது ஒண்ணு, ஜிமெயில்ல அட்வான்ஸ்டு டேப்ல டெம்ப்ளேட்ஸ ஆன் பண்ணி முழு மெயிலையும் அச்சு மாதிரி வைக்கிறது ஒண்ணு, அவுட்லுக்ல எழுதி வச்ச துண்ட எடுத்து ஒட்டுற குயிக் பார்ட்ஸ் ஒண்ணு, அப்புறம் ரெண்டு எழுத்து அடிச்சா முழு வாக்கியமா விரியுற கீபோர்டு ஷார்ட்கட். மொத வழி ரொம்ப மோசம், ஏன்னா நம்ம யாருக்கு எழுதுறோம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடியே மெயில் சார்னு கூப்பிட்டுருது. மதினிக்கு ஆர்டர் குடுக்குறவங்கள்ல பாதிக்கு மேல பொம்பளைங்க, பொட்டிக் வச்சிருக்கவங்க. அவங்களுக்கு சார்னு போனா அடுத்த வரிய எவ்வளவு மரியாதையா எழுதுனாலும் அது எடுபடாது. டியர் சார் ஆர் மேடம்னு போட்டுத் தப்பிக்கலாம்னா, அது ஊர்ல உள்ள எல்லாருக்கும் அனுப்புன மெயிலு மாதிரி ஆயிருது.

டெம்ப்ளேட்டோட ஆபத்து வேற. மெயில் உடம்புக்கு டெம்ப்ளேட் நல்லது, ரேட் லிஸ்ட் அனுப்புற மெயில், பாக்கி கேக்குற மெயில் எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும், தாராளமா வைங்க. ஆனா டெம்ப்ளேட்ல பேரு வர்ற எடத்த காலியா விடுங்க. போன தடவ அனுப்புன பேரோட சேவ் பண்ணி வச்சா என்னைக்காச்சும் ஒரு நாள் ஒரு பார்ட்டியோட பேரு இன்னொரு பார்ட்டிக்குப் போகும், அதுவும் அவங்க ரேட்டோட சேந்து போச்சுன்னா சொல்லவே வேணாம். இயந்திரம் ஆளப் பாத்து யூகிக்கிறதுல எவ்வளவு சங்கடம்னு கூகுளுக்கே தெரியும், 2018ல நம்ம அடிக்கும்போதே மிச்ச வாக்கியத்த தானா எடுத்துக் குடுக்குற ஸ்மார்ட் கம்போஸ் கொண்டு வந்தப்ப அவன், அவள்னு ஆண் பெண் காட்டுற சொல்ல பரிந்துரைக்கவே வேணாம்னு நிறுத்திட்டாங்க. அவ்வளவு பெரிய கம்பெனியே ஒதுங்குன எடத்துல நம்ம டெம்ப்ளேட் எம்மாத்திரம்.

நம்ம ஊர்ப் பேருல இன்னொரு தொந்தரவு இருக்கு. இனிஷியல். முத்துலட்சுமின்னு ஒருத்தர், அப்பா பேரு காசிராஜன்னு வச்சுக்கோங்க. மெயில் அக்கவுண்ட் தெறக்கும்போது கடைசிப் பேரு கேட்டானேன்னு காசிராஜன்னு குடுத்துருப்பாங்க, வடக்க இருந்தோ வெளிநாட்டுல இருந்தோ பதில் எழுதுறவங்க மிஸ்டர் காசிராஜன்னு அந்தப் பொண்ணுக்கு எழுதுவாங்க. அவங்க மேல தப்பு இல்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச முறை அது. இத நம்ம தான் சிக்னேச்சர்ல சரி பண்ணணும், இனிஷியலோட முழுப் பேரும் போட்டு முன்னாடி மிஸ் இல்ல மிசஸ்னு சேத்துட்டா போதும், எதிர்ல இருக்கவங்களுக்கும் எப்படிக் கூப்புடுறதுன்னு கொழப்பம் தீந்துரும். நம்மளும் பதில் எழுதும்போது மேல இருக்குற முகவரியப் பாத்து எழுதாம, அவங்க கீழ எப்படி கையெழுத்துப் போட்டுருக்காங்களோ அதே மாதிரி கூப்பிடணும். வணக்கத்த கையால அடிக்கச் சொல்றதுக்கு இந்த ஒரு காரணமே போதும், அடிக்கும்போது தான் அந்தப் பேர நிமிந்து பாக்குறோம்.

மொழி எதுன்னா, கலெக்டர் ஆபீஸ், மாநகராட்சி, மின்வாரியம்னா தயங்காம தமிழ்லயே எழுதுங்க, 1956ஆம் வருஷ ஆட்சிமொழிச் சட்டப்படி இங்க ஆட்சிமொழியே தமிழ் தான். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள்னு பேப்பர்ல எழுதுற அதே வரிசை மெயில்லயும் செல்லும், பொருள மட்டும் சப்ஜெக்ட் வரியிலயும் ஒரு தடவ போட்டுருங்க. தமிழ் தெரிஞ்ச யாவாரிங்களுக்கு வணக்கம், அடுத்து பேரு, அப்புறம் அண்ணாச்சியோ மேடமோ சாரோ நேர்ல எப்படிக் கூப்புடுவோமோ அது. நேர்ல அண்ணாச்சின்னு கூப்புடுற மனுசருக்கு மெயில்ல ரெஸ்பெக்டட் சார்னு எழுதுனா அவரு என்னமோ ஏதோன்னு பதறி போன் போடுவாரு. வெளிமாநிலத்துக்கு டியர் போட்டு பேரு, தீந்துச்சு. முடிக்கிறதுக்கு நன்றின்னோ ரிகார்ட்ஸ்னோ ஒரே வார்த்தை, அத வேணா சிக்னேச்சரோட மொத வரியா வச்சுக்கலாம், அதுல ஆள் மாறாட்டம் வர வழியில்ல.

எவ்வளவு கவனமா இருந்தாலும் அனுப்புன அடுத்த நொடி தப்பு கண்ணுல படுறது மனுச சுபாவம். ஜிமெயில்ல அனுப்புனத திரும்ப இழுக்குற அன்டூ சென்ட் இருக்கு, வாங்கும்போது 5 செகண்டு தான் வச்சிருக்கும், ஜெனரல் டேப்ல போயி 30 ஆக்கிருங்க. கிளாசிக் அவுட்லுக்ல ரூல் ஒண்ணு போட்டு எல்லா மெயிலையும் சில நிமிஷம் அவுட்பாக்ஸ்ல நிறுத்தி அனுப்பலாம், 120 நிமிஷம் வரைக்கும் நிறுத்தலாம். தண்டர்பேர்ட்ல இந்த மாதிரி கூடவே வர்றது கெடையாது, பிறகு அனுப்புன்னு அவுட்பாக்ஸ்ல நம்மளா போட்டு வைக்கணும், இல்ல ஆட் ஆன் தேடணும். இந்த ஒரு விஷயத்துல ஜிமெயில் தான் சுலபம்.

ஸ்பெல் செக்ல தான் ஜனங்க ஒண்ணு அதிகமா நம்புறாங்க, இல்ல சுத்தமா நம்ப மாட்டேங்குறாங்க. மொதல்ல ரெண்டு விஷயத்தப் பிரிச்சுக்கணும், செவப்புக் கோடு போட்டுக் காட்டுறது வேற, தானாவே மாத்திருற ஆட்டோகரெக்ட் வேற. ஜிமெயில்ல ஸ்பெல்லிங் சஜஷன், கிராமர் சஜஷன், ஆட்டோகரெக்ட் மூணுக்கும் தனித்தனி பட்டன் இருக்கு. மொத ரெண்டும் ஆன், ஆட்டோகரெக்ட் ஆஃப். ஏன்னா உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சிம்மக்கல், சுங்குடி இதெல்லாம் இங்கிலீஷ் அகராதியில கெடையாது, கோடு போட்டுக் காட்டுனா நம்ம பாட்டுக்கு விட்டுருவோம், தானா மாத்துனா டெலிவரி முகவரியே வேறயாயிரும். அந்த மாதிரி ஊர்ப் பேரு, ஆள் பேரு, சரக்குப் பேரையெல்லாம் ரைட் கிளிக் பண்ணி டிக்ஷனரியில சேத்துட்டே வாங்க, கொஞ்ச நாள்ல தேவையில்லாத செவப்புக் கோடு கொறைஞ்சுரும், நெசமான தப்பு மட்டும் தனியாத் தெரியும். எல்லாத்துக்கும் கோடு வந்துட்டு இருந்தா கண்ணு எதையும் பாக்காது.

அகராதி எந்த இங்கிலீஷ்னு பாருங்க. நெறைய கம்ப்யூட்டர்ல அமெரிக்க இங்கிலீஷ் தான் தானா இருக்கும், சேலை யாவாரத்துல வரிக்கு வரி கலர்ங்குற வார்த்தை வருது, நம்ம பள்ளிக்கூடத்துல படிச்ச யு சேத்த கலருக்கு அது கோடு போட்டுட்டே இருக்கும். யுகே இங்கிலீஷ்னு மாத்திட்டா நிம்மதி. ஆனா எந்த அகராதி வச்சாலும் ஒரு வகைத் தப்பு மாட்டாது. சாயம் போடுற டையிங்ல நடுவுல ஒரு இ எழுத்து உண்டு, அத விட்டுட்டா சாகுறதுன்னு அர்த்தம் வர்ற டையிங் ஆயிரும், ரெண்டுமே சரியான வார்த்தை, செவப்புக் கோடு வரவே வராது. எஸ்டிமேட்ல டையிங் சார்ஜ்னு ஒரு வரி இருந்தா கண்ணால பாத்தே ஆகணும். கிராமர் செக் சில நேரம் புடிக்கும், அத நம்பி இருக்க முடியாது. அவுட்லுக்ல இன்னொண்ணு, கேப்பிட்டல் எழுத்துல முழுசா அடிச்ச வார்த்தைய வாங்கும்போதே கண்டுக்க வேணாம்னு செட் ஆகியிருக்கும், நம்பர் கலந்த வார்த்தையும் அப்படித்தான். கேப்ஸ் லாக் போட்டு முழு மெயிலும் அடிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு ஸ்பெல் செக் இருந்தும் இல்லாத மாதிரி தான், ஒண்ணு அந்த டிக்க எடுங்க, இல்ல சாதா எழுத்துல அடிங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ நிறுத்திக் கேக்குற வசதி கிளாசிக் அவுட்லுக்லயும் தண்டர்பேர்ட்லயும் இருக்கு, அனுப்பும் முன்ன ஸ்பெல்லிங் பாருன்னு ஒரு டிக். சென்ட் அமுக்குனதும் ஒரு பெட்டி தெறந்து ஒவ்வொரு வார்த்தையா மாத்தவா விடவான்னு கேக்கும். அவசரமா அடிக்கிறவங்களுக்கு இது தான் அருமையான வசதி, செவப்புக் கோட கண்டுக்காம போறவங்களையும் நிறுத்திரும். அவுட்லுக்ல பதில் மெயில்ல பழைய மெயில் எழுத்தையெல்லாம் சோதிக்காதேன்னு இன்னொரு டிக் இருக்கு, அதையும் போட்டா எதிராளியோட தப்பையெல்லாம் நம்மள்ட்ட காட்டாது. க்ரோம்ல ஜிமெயில் தெறக்குறவங்க பேசிக், என்ஹான்ஸ்டுன்னு ரெண்டு வகைய பாப்பீங்க. என்ஹான்ஸ்டுல நம்ம அடிக்கிறது கூகுளுக்குப் போய் சோதிச்சு வரும், பேசிக் நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே அகராதிய வச்சுப் பாக்கும். ஜிமெயில்ல எழுதுறது எப்படியும் கூகுள்கிட்ட தான் இருக்கப் போகுது, ஆனா க்ரோம் செட்டிங் ஜிமெயிலுக்கு மட்டும் இல்ல, மத்த எல்லா வெப்சைட்டுல அடிக்கிறதுக்கும் சேத்துத் தான், அதனால நான் பேசிக் தான் சொல்லுவேன்.

தமிழ் ஸ்பெல் செக் தான் மனசுக்குக் கஷ்டமான எடம். க்ரோம்ல தமிழ் அகராதிய சேக்க முடியும், ஆனா க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட், லிப்ரஆபீஸ் எல்லாத்துக்கும் அடியில பெரும்பாலும் ஓடுறது ஹன்ஸ்பெல்ங்கற ஒரே எஞ்சின். ஹங்கேரி மொழிக்காக எழுதுனது, ஒட்டுச் சேத்து நீளுற மொழிக்கும் ஆகும்னு தான் செஞ்சாங்க. ஆனாலும் தமிழ்ல சேலை, சேலையில், சேலைகளுக்கு, சேலைகளுக்காகத்தான்னு ஒரே சொல் நூறு உருவம் எடுக்குது, நடுவுல சந்தி வேற. அவ்வளவையும் விதியா எழுதிக் குடுத்தா தான் அதுக்குத் தெரியும், அந்த வேலை இன்னும் முழுசா நடக்கல, அதனால சரியா எழுதுன சொல்லுக்கெல்லாம் கோடு விழும். இதுக்கு நல்ல வழி வாணி, நீச்சல்காரன்ங்கற பேர்ல எழுதுறவரு செஞ்ச எழுத்துப்பிழை திருத்தி, வெப்சைட்டுல தமிழ ஒட்டுனா சொல்லப் பிரிச்சுப் பாத்து சொல்லும். ஒற்று மிகுமா மிகாதான்னு பாக்க அவரோட நாவி தனியா இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ளயே வேணும்னா பேராசிரியர் தெய்வசுந்தரம் உருவாக்குன மென்தமிழ் இருக்கு. கலெக்டர் ஆபீஸ் மனு, பள்ளிக்கூடத்துக்கு எழுதுற கடுதாசி மாதிரி முக்கியமான மெயில மட்டும் வாணியில ஒரு தடவ ஓட்டிட்டு அனுப்புங்க, ஒட்டும்போது போன் நம்பரு, ரேட்டு, கதவு எண் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒட்டுங்க.

அங்கயும் மாட்டாதது இருக்கு. பள்ளி தலைமை ஆசிரியருக்கு எழுதுற மெயில்ல பல்லின்னு அடிச்சா எந்தத் திருத்தியும் வாய தெறக்காது, ரெண்டும் உயிரோட இருக்குற சொல்லு. மனம், மணம், கலை, களைன்னு இந்த மாதிரி நெறைய. போன்ல வாயால பேசி தமிழ் அடிக்கிறவங்க ல, ள, ழவ மறுபடி ஒரு தடவ பாக்காம அனுப்பவே கூடாது.

எல்லாத்துக்கும் முன்னாடி எழுத்து யூனிகோடான்னு பாருங்க, அதாவது எந்தக் கம்ப்யூட்டர்லயும் போன்லயும் தமிழாவே தெரியுற பொது எழுத்துமுறையான்னு. நம்ம ஊரு டிடிபி சென்டர்ல, ப்ரெஸ்ல இன்னமும் பாமினி, வானவில் ஃபான்ட்ல தான் நெறைய பேரு அடிக்கிறாங்க, அங்க அடிச்சு வாங்குனத அப்படியே மெயில்ல ஒட்டுனா அந்த ஃபான்ட் இல்லாத எடத்துல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமா தெரியும், ஸ்பெல் செக் அத தமிழ்னே நெனைக்காது. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோட தரமா அறிவிச்சிருச்சு. ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திட்டு ஒட்டுங்க, இல்ல போன்ல ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டுல நேரா தமிழ்லயே அடிங்க.

இப்ப முடிவு. ஆபீஸ்ல மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் வாங்கி வச்சு நாள் பூரா கம்ப்யூட்டர்ல உக்காந்து மெயில் எழுதுறவங்களுக்கு கிளாசிக் அவுட்லுக், அந்த அனுப்பும் முன்ன சோதிக்கிற டிக் ஒண்ணுக்காகவே. ரெண்டு மூணு பொறுப்பு வச்சிருக்க ஆளுக்கு தண்டர்பேர்ட், ஐடென்டிட்டிக்காக. மதினி மாதிரி போன்லயே யாவாரம் நடத்துறவங்களுக்கு ஜிமெயில் தான், மாறவே வேணாம். அவங்களுக்கு அதுலயே ஒக்காந்து செட் பண்ணிக் குடுத்தோம். புது மெயிலுக்கு ஜிஎஸ்டி நம்பரோட நாலு வரி, பதிலுக்கு பேரும் போனும் மட்டும் ரெண்டு வரி, அன்டூ 30 செகண்டு, ஆட்டோகரெக்ட் ஆஃப், க்ரோம்ல யுகே இங்கிலீஷ். ரேட் லிஸ்ட்டுக்கும் பாக்கிக்கும் டெம்ப்ளேட், ரெண்டுலயும் மேல பேரு எடம் காலி. வணக்கம் மட்டும் கையில. "இதுக்கு மட்டும் ஒரு பட்டன் இல்லையா தம்பி"ன்னு கேட்டாங்க, பட்டன் இருக்கு மதினி, வேணாம்னு தான் வைக்கலன்னேன். சரின்னுட்டாங்க.

செட் பண்ணி முடிச்சதும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாத்தா பத்தாது, வீட்டுல வேற ஒருத்தர் போனுக்கு அனுப்புங்க, அந்த போன டார்க் மோட்ல வச்சும் பாருங்க. வேர்ட்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுன சிக்னேச்சர்னா கருப்பு எழுத்து கருப்புப் பின்னணியில மறைஞ்சு போக வாய்ப்பு உண்டு, அப்படி இருந்தா அழிச்சுட்டு கன்ட்ரோல் ஷிஃப்ட் வி போட்டு வெறும் எழுத்தா ஒட்டுங்க. அந்த வீட்டாளை பதில் போடச் சொல்லி, நீங்க அதுக்கு மறுபதில் போட்டு சிக்னேச்சர் பழைய மெயிலுக்கு மேல தான் வருதான்னும் பாத்துக்கோங்க. நாளைக்கு கடை நம்பர் மாறுனா கம்ப்யூட்டர் சிக்னேச்சர், போன் சிக்னேச்சர் ரெண்டையும் மாத்தணும், ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு மாறாது.